அந்தப் பிள்ளைக்கு அம்மா இருக்கிறாள்

2009 டிசம்பர். சிங்கப்பூரில் எங்கள் தமிழ்ச் சபையின் வாலிபர் குழுவிலிருந்து பன்னிரண்டு பேர் கம்போடியாவின் சியாம் ரீப் நகரத்துக்குப் போனோம். ஓர் அனாதை இல்லத்தில் ஏழு நாள் தொண்டூழியம். சுவருக்கு வர்ணம் அடிப்பது, பிள்ளைகளுக்கு ஆங்கிலப் பாட்டு சொல்லிக்கொடுப்பது, விடுமுறை வேதாகமப் பள்ளி நடத்துவது, கடைசி நாளில் கிறிஸ்துமஸ் விருந்து வைப்பது என்று நாளுக்கொரு வேலை வகுத்திருந்தோம். ஆறு மாதம் கேக் விற்றும் கார் கழுவியும் பணம் சேர்த்தோம். புறப்படும் வாரத்து ஞாயிறு ஆராதனையில் போதகர் எங்களை முன்னே அழைத்தார். சபையார் எல்லாரும் கைநீட்டி ஜெபித்து அனுப்பினார்கள்.

முதல் நாள் வேலை, சாப்பாட்டுக் கூடத்துச் சுவர். பழைய வர்ணத்தைத் தகடு வைத்துச் சுரண்டினேன். மஞ்சள் உதிர்ந்தது. அதற்கடியில் நீலம். நீலத்துக்கடியில் பச்சை. மூன்றுமே வெளிறாமல் பளிச்சென்று இருந்தன. எங்களுக்கு முன்னால் வந்த குழுக்கள் ஒவ்வொன்றும் அதே சுவருக்குத்தான் வர்ணம் அடித்திருக்கின்றன என்பது விளங்க எனக்குச் சில ஆண்டுகள் ஆயின.

அங்கே எட்டு வயது மதிக்கத்தக்க ஒரு சிறுமி இருந்தாள். நாங்கள் வேனிலிருந்து இறங்கிய நிமிடத்திலேயே ஓடிவந்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டவள். மூன்றாம் நாள் மதியம் அவள் என் மடியில் உட்கார்ந்திருந்தபோது வாசலில் ஒரு பெண் வந்து நின்றார். கையில் பனையோலைக் குழலில் அடைத்த பனைவெல்லம். பனை கம்போடியாவின் தேசிய மரம்; அந்த ஊர்ச் சாலையோரங்களில் வெல்லத்தை அப்படித்தான் விற்கிறார்கள். சிறுமி என் மடியிலிருந்து குதித்து, “மே!” என்று கத்திக்கொண்டு ஓடினாள். அந்தப் பெண் குனிந்து அவளை உச்சி முகர்ந்தார். இல்லப் பொறுப்பாளர் விரைந்து வந்து, “அது அவளுடைய அத்தை” என்று எங்களிடம் ஆங்கிலத்தில் சொன்னார். பத்து நிமிடத்துக்குள் அந்தப் பெண் போய்விட்டார். வெல்லத்தை எல்லாப் பிள்ளைகளும் பங்கிட்டுத் தின்றார்கள்.

கடைசி நாள் விமான நிலையத்துக்குப் போகும் வழியில் டுக்டுக் ஓட்டுநரிடம் பேச்சுவாக்கில் கேட்டேன்: கெமர் மொழியில் ‘மே’ என்றால் என்ன? அவர் திரும்பிப் பார்த்துச் சொன்னார்: அம்மா.

ஊர் திரும்பிய பிறகு ஞாயிறு ஆராதனையில் நாங்கள் சாட்சி சொன்னோம். படங்கள் காட்டினோம். பலர் கண்ணீர் விட்டார்கள். அந்தச் சொல்லைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. இந்தக் கட்டுரை அன்றைக்குச் சொல்லாமல் விட்ட சாட்சி. அந்த இல்லத்தின் பெயரை எழுதவில்லை, ஏனென்றால் இது ஓர் இல்லத்தின் கதையே கிடையாது.

பெற்றோர் உள்ள அனாதைகள்

கம்போடியாவில் 1975 முதல் 1979 வரை கெமர் ரூஜ் ஆட்சி நடந்தது. நாட்டு மக்களில் ஐந்தில் ஒருவரை, சில கணக்குகளின்படி நான்கில் ஒருவரை, அந்த ஆட்சி பலிகொண்டது. அன்று அனாதைகள் இருந்தார்கள்; இல்லங்கள் தேவைப்பட்டன. அந்தப் பிள்ளைகளெல்லாம் நாங்கள் போன காலத்தில் முப்பது வயதைக் கடந்துவிட்டிருந்தார்கள். போர் முடிந்து, நோய் குறைந்து, பொருளாதாரம் வளர்ந்துகொண்டிருந்த நாட்டில் அனாதை இல்லங்கள் குறைந்திருக்க வேண்டும். நடந்ததோ நேர்மாறு. 2005-இல் அங்கே 154 இல்லங்கள் இருந்தன. 2010-இல் 269. ஐந்தே ஆண்டில் 75 விழுக்காடு உயர்வு. அவற்றில் அரசு நடத்தியவை 21 மட்டும். இல்லங்களில் வாழ்ந்த பிள்ளைகளின் எண்ணிக்கை ஏறத்தாழ 12,000-ஐ எட்டியது. யூனிசெஃப் அமைப்பின் துணையோடு 2011-இல் வெளிவந்த ஆய்வு இந்தக் கணக்கைச் சொன்னதோடு, அந்தப் பிள்ளைகளில் ஏறத்தாழ நான்கில் மூவருக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருப்பதையும் எடுத்துக்காட்டியது.

அதே ஐந்தாண்டில் கம்போடியாவுக்கு வந்த வெளிநாட்டுப் பயணிகளின் எண்ணிக்கை 14 லட்சத்திலிருந்து 25 லட்சமாக உயர்ந்தது. இல்லங்கள் பெருகிய இடங்களைப் பார்த்தால் அங்கோர் வாட் உள்ள சியாம் ரீப்பும் தலைநகர் புனோம் பென்னும் முன்வரிசையில் நிற்கின்றன. பஞ்சம் உள்ள இடத்தில் இல்லம் முளைக்கவில்லை. பயணிகள் வரும் இடத்தில் முளைத்தது.

இது கம்போடியாவோடு முடியவில்லை. உலகெங்கும் இப்படிப்பட்ட இல்லங்களில் வாழும் பிள்ளைகளில் ஐந்தில் நால்வருக்காவது பெற்றோரில் ஒருவர் உயிரோடு இருக்கிறார் என்று சேவ் த சில்ட்ரன் அமைப்பு 2009-இலேயே சொன்னது. நேபாளத்தில் காத்மாண்டு, பொக்கரா போன்ற பயணிகள் கூடும் ஊர்களைச் சுற்றியே இல்லங்கள் குவிந்தன. உயிரோடு இருக்கும் பெற்றோரைக் காகிதத்தில் சாகடித்து, பிள்ளைக்கு அனாதைச் சான்று வாங்கும் வழக்கம் அங்கே உண்டு. அந்தப் பிள்ளைகளைக் ‘காகித அனாதைகள்’ என்கிறார்கள்.

எப்படி நடக்கிறது?

ஒரு தாய் தன் பிள்ளையை ஏன் விடுகிறாள்? கம்போடியக் கிராமத்தில் அரசுப் பள்ளி இலவசம் என்பது ஏட்டில் உள்ளது. சீருடை, புத்தகம், ஆசிரியருக்கு அன்றாடம் கொடுக்கும் சில நூறு ரியல் என்று செலவு ஓயாது. நெல் விளையாத ஆண்டில் அதுவும் முடியாது. அந்த நேரத்தில் ஒருவர் வந்து, நகரத்தில் இல்லம் இருக்கிறது, மூன்று வேளை சாப்பாடு, ஆங்கிலம் சொல்லித் தருகிறார்கள், வெளிநாட்டுக்காரர்கள் வந்து போகிறார்கள் என்று சொன்னால், எந்த ஏழைத் தாய் மறுப்பாள்? சிங்கப்பூரில் நாம் பிள்ளையைத் துணைப்பாட வகுப்புக்கு அனுப்புவதும் அதே ஆசையினால்தான். அவள் பிள்ளையைக் கைவிடவில்லை. பிள்ளை படிக்கட்டும் என்று மனத்தைக் கல்லாக்கிக்கொண்டாள்.

நல்ல நோக்கத்தோடு நடக்கும் இல்லங்கள் இருக்கின்றன. பணத்துக்காகவே நடப்பவையும் இருக்கின்றன. வருகிறவர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். மாலையில் பிள்ளைகள் அப்சரா நடனம் ஆடுவார்கள். வாசலில் உண்டியல் இருக்கும். நிலைமை சீராகிவிட்டால் காணிக்கை வராது என்பதால் சில இல்லங்களில் பிள்ளைகளை வேண்டுமென்றே மெலிந்தவர்களாகவும் கிழிந்த உடையோடும் வைத்திருப்பார்கள். இதைச் சொன்னவர்கள் அங்கே வளர்ந்து வெளியே வந்தவர்களே. பிள்ளைகள் வீடு திரும்பிவிட்டால் இல்லத்துக்கு வருமானம் இல்லை. ஆகவே பிள்ளையை வீட்டுக்கு அனுப்ப யாருக்கும் அவசரம் இல்லை.

நாங்கள் அங்கே ஜெபம் சொல்லிக்கொடுத்தோம். பிள்ளைகளின் பெற்றோர் பெரும்பாலும் பௌத்தர்கள். உங்கள் பிள்ளைக்கு இதைச் சொல்லிக்கொடுக்கலாமா என்று அவர்களிடம் கேட்க வேண்டும் என்ற எண்ணமே எங்களில் ஒருவருக்கும் எழவில்லை. அவர்கள் இருக்கிறார்கள் என்பதையே நாங்கள் அறிந்திருக்கவில்லை. பெற்றோர் இல்லாத பிள்ளை என்று ஒருமுறை சொல்லிவிட்டால் அந்தப் பெற்றோரிடம் கேட்க வேண்டிய எல்லாக் கேள்வியும் அதோடு மறைந்துபோகிறது.

மடியில் ஏறும் பிள்ளை

திரும்பி வரும் தொண்டூழியர்கள் எல்லாரும் ஒரு காட்சியைச் சொல்வார்கள்: பார்த்தவுடன் ஓடிவந்து கட்டிக்கொண்ட பிள்ளை. நானும் சொன்னேன். எவ்வளவு அன்பு என்று வியந்தேன். நம் வீட்டுப் பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். அறியாத ஆள் வீட்டுக்கு வந்தால் அம்மாவின் புடவைக்குப் பின்னால் ஒளியும். பழகிய பிறகே கிட்டே வரும். அதுதான் நலமான பிள்ளை. கண்டவர் மடியிலெல்லாம் ஏறும் பிள்ளை, தனக்கென்று ஒருவர் நிலைக்கமாட்டார் என்று கற்றுக்கொண்ட பிள்ளை.

இது மருத்துவ உலகுக்குப் பழைய செய்தி. தாயிடமிருந்து பிரிந்து வளரும் குழந்தையின் மனத்துக்கு நேரும் கேட்டைப் பற்றி உலகச் சுகாதார நிறுவனத்துக்காக ஜான் போல்பி எழுதிய அறிக்கை 1951-இல் வந்தது. சௌசெஸ்குவின் ஆட்சி கவிழ்ந்த ருமேனியாவில் லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் விடுதிகளில் கிடந்ததை 1989-க்குப் பிறகு உலகம் பார்த்தது. தலைநகர் புக்காரெஸ்ட்டில் சார்ல்ஸ் நெல்சன், நேதன் ஃபாக்ஸ், சார்ல்ஸ் ஸீனா ஆகிய மூவரும் 2000-இல் ஓர் ஆய்வு தொடங்கினார்கள். விடுதிகளில் இருந்த 136 குழந்தைகளில் பாதிப் பேர் வளர்ப்புக் குடும்பங்களுக்குப் போனார்கள். குடும்பத்துக்குப் போன குழந்தைகள் அறிவிலும் மனநலத்திலும் முன்னேறினார்கள். இரண்டு வயதுக்குள் போனவர்களிடம் அந்த முன்னேற்றம் மிகத் தெளிவாக இருந்தது. சோறும் கூரையும் விடுதியில் இருந்தன. இல்லாதது, நாளைக்கும் வரப்போகிற ஒரு முகம்.

அப்படி ஒரு முகம் இல்லாத குழந்தையிடம்தான் ஏழு நாள் அன்போடு நாம் போகிறோம். கொஞ்சுகிறோம், பெயர் சொல்லி அழைக்கிறோம், மீண்டும் வருவோம் என்று சொல்கிறோம். எட்டாம் நாள் போய்விடுகிறோம். அடுத்த மாதம் இன்னொரு குழு. தென்னாப்பிரிக்க ஆய்வாளர் லிண்டா ரிக்டர் 2010-இல் எச்சரித்தது இதைத்தான்: குறுகிய காலத் தொண்டூழியர்கள் கட்டும் பாசமும் அதை அறுத்துக்கொண்டு போவதும் ஏற்கெனவே பிரிவைச் சந்தித்த பிள்ளைகளை இன்னும் காயப்படுத்துகின்றன. நமக்கு அது வாழ்நாளில் ஒரு பிரிவு. அந்தச் சிறுமிக்கு எத்தனையாவது பிரிவு என்று நான் எண்ணிப் பார்த்ததில்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் பேச வேண்டும். சிங்கப்பூரிலோ சிட்னியிலோ ஒரு பாலர் பள்ளியின் வகுப்பறைக்குள் முன்பின் தெரியாத பன்னிரண்டு இளைஞர்கள் நுழைந்து பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு படம் எடுத்துக்கொள்ள முடியுமா? ஏழை நாட்டில் முடிகிறது. கென்யாவின் நைரோபியில் ஓர் இல்லத்தில் 2014-இல் தொண்டூழியம் செய்த அமெரிக்க இளைஞர் ஒருவர் அங்குள்ள பிள்ளைகளிடம் பாலியல் வன்கொடுமை புரிந்ததற்காக 2016-இல் 40 ஆண்டு சிறைத்தண்டனை பெற்றார். பெரும்பாலான தொண்டூழியர்கள் நல்லவர்கள். கதவு எல்லாருக்கும் திறந்திருக்கிறது என்பதுதான் ஆபத்து.

ஹெய்ட்டியில் 2010 ஜனவரியில் நிலநடுக்கம் நேர்ந்தபோது ஓர் அமெரிக்க பாப்டிஸ்ட் குழு 33 பிள்ளைகளை அனாதைகள் என்று சொல்லி டொமினிக்கன் குடியரசுக்குக் கொண்டுபோக முயன்று எல்லையில் கைதானது. விசாரித்தபோது பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பெற்றோர் உயிரோடு இருப்பது தெரியவந்தது. நல்ல பள்ளி, நல்ல வீடு என்ற வாக்குறுதியை நம்பி அவர்களே ஒப்படைத்திருந்தார்கள். மீட்க வந்ததாக நினைத்தவர்கள், குடும்பத்திலிருந்து பிரிக்கத்தான் வந்திருந்தார்கள்.

திரும்பிப் பார்த்தவர்கள்

தவறை உணர்ந்து வழியை மாற்றிக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் தாரா விங்க்லர் 2007-இல் கம்போடியாவின் பத்தம்பாங் நகரில் ஒரு மோசமான இல்லத்திலிருந்து 14 பிள்ளைகளை மீட்டுத் தானே ஓர் இல்லம் தொடங்கினார். கெமர் மொழி கற்று, பிள்ளைகளோடு அவர்கள் மொழியிலேயே பேசத் தொடங்கிய பிறகு, அவர்களில் பெரும்பாலோருக்குக் குடும்பம் இருப்பது அவருக்குத் தெரிந்தது. பிள்ளைகளைக் குடும்பங்களோடு சேர்த்துவைத்து, குடும்பங்களைத் தாங்கும் பணியாக அந்த நிறுவனத்தையே மாற்றினார். நான் ஒரு சொல்லைத் தெரிந்துகொண்டு பேசாமல் இருந்தேன். அவர் மொழியைக் கற்றுக்கொண்டு செயலில் இறங்கினார்.

புனோம் பென்னில் 1994 முதல் தெருப்பிள்ளைகளுக்காக உழைத்துவரும் ஃபிரண்ட்ஸ் இன்டர்நேஷனல் 2011-இல் ஒரு சுவரொட்டி வெளியிட்டது. அருங்காட்சியகத்துக் கண்ணாடிப் பெட்டிக்குள் பிள்ளைகள் நிற்கிறார்கள்; சுற்றி நின்று பயணிகள் படம் எடுக்கிறார்கள். பிள்ளைகள் சுற்றுலாக் காட்சிப்பொருள் இல்லை என்பது அதன் செய்தி. 2015-இல் கம்போடிய அரசு இல்லங்களை ஒழுங்குபடுத்த ஆணை பிறப்பித்தது. நாடு முழுவதும் கணக்கெடுத்தபோது 406 இல்லங்களில் 16,579 பிள்ளைகள் இருந்தார்கள். அவர்களில் 30 விழுக்காட்டினரைக் குடும்பங்களுக்குத் திருப்பி அனுப்ப அரசு இலக்கு வைத்தது.

பணம் கொடுத்த நாடுகளில் முதலில் விழித்துக்கொண்டது ஆஸ்திரேலியா. நவீன அடிமைமுறை பற்றி விசாரித்த நாடாளுமன்றக் குழு, பிள்ளைகளை இல்லங்களுக்குக் கடத்துவதை அடிமைமுறையின் ஒரு வடிவமாக 2017 டிசம்பர் அறிக்கையில் எழுதியது. மறு ஆண்டு நவீன அடிமைமுறைச் சட்டம் நிறைவேறியது. 2019 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் பொதுச் சபை, அனாதை இல்லங்களில் நடக்கும் சுற்றுலாவும் தொண்டூழியமும் பிள்ளைகளுக்குக் கேடு விளைவிக்கக்கூடும் என்று தீர்மானத்தில் பதிந்தது.

நம் தமிழ்நாடும் இதற்கு அப்பாற்பட்ட இடமில்லை. பயணிகள் திரளும் மாமல்லபுரத்தில் இல்லப் பிள்ளைகளுக்கு நேர்ந்த பாலியல் கொடுமைகளைப் பற்றிய ஒரு கட்டுரை 2007-இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. பத்தாண்டு நடந்த அந்த வழக்கின் தலைப்பிலேயே தமிழ்நாட்டின் பெயர் இருக்கிறது. பிள்ளையைக் குடும்பத்தில் வளர்க்கும் வழிகளைத் தேட வேண்டும், இல்லத்தில் சேர்ப்பதை மட்டுமே தீர்வாகக் கொள்ளக் கூடாது என்று 2017 மே மாதத் தீர்ப்பு வலியுறுத்தியது.

கூலி யாருக்குப் போக வேண்டும்?

இதையெல்லாம் சொன்னால் சபைகளில் இரண்டு பதில்கள் வரும். முதலாவது: எங்கள் வாலிபர்கள் மனம் மாறித் திரும்புகிறார்களே. உண்மைதான், நானும் மாறினேன். ஆனால் பணக்கார நாட்டு இளைஞனின் மனம் மாற ஏழை நாட்டுப் பிள்ளை தாயைப் பிரிந்திருக்க வேண்டும் என்றால், அந்தப் பாடத்துக்குப் பிள்ளை கொடுக்கும் விலை மிக அதிகம்.

இரண்டாவது: உண்மையிலேயே யாருமற்ற பிள்ளைகள் என்ன செய்வார்கள்? அவர்களுக்குப் பாட்டி இருப்பார், சித்தப்பா இருப்பார், அண்டை வீடு இருக்கும். அவர்களும் இல்லாதபோது அந்நாட்டிலேயே வளர்ப்புக் குடும்பம் தேட வேண்டும். எல்லாக் கதவும் மூடிய பிறகு கடைசியாக, குறுகிய காலத்துக்கு, இல்லம். அங்கும் அவர்களுக்குத் தேவை அவர்கள் மொழி பேசும், பயிற்சி பெற்ற, ஆண்டுக்கணக்கில் மாறாமல் இருக்கும் ஊழியர். விடுமுறைக்கு வந்துபோகிறவர்கள் அந்த இடத்தை நிரப்ப முடியாது.

வேதாகமத்தில் யாக்கோபின் நிருபம் அனாதைகளை விசாரிப்பதுதான் மாசில்லாத பக்தி என்கிறது. இந்தப் பயணங்களுக்குப் புறப்படும்போது எல்லாச் சபைகளிலும் வாசிக்கும் பகுதி அது. அதே வாக்கியத்தில் அனாதைக்குப் பக்கத்திலேயே விதவையும் இருக்கிறாள். பிள்ளையையும் தாயையும் சேர்த்தே யாக்கோபு சொன்னார். நாம் விதவையை வாசலில் நிறுத்திவிட்டுப் பிள்ளையை மட்டும் உள்ளே எடுத்துக்கொண்டோம்.

மோசேயின் கதையை ஞாயிறு பள்ளியில் படித்தவர்களுக்குத் தெரியும். நாணற்பெட்டியில் மிதந்த குழந்தையைப் பார்வோனின் மகள் எடுத்தாள். அவளிடம் அரண்மனை இருந்தது, பணிப்பெண்கள் இருந்தார்கள். ஆனாலும் குழந்தையை வளர்க்கும் பொறுப்பை அதன் சொந்தத் தாயிடமே ஒப்படைத்து, அதற்குக் கூலியும் கொடுத்தாள். தாய் என்று அறிந்து கொடுத்தாளா என்பதை வேதம் சொல்லவில்லை. கூலி தாயின் கைக்குப் போனது, பிள்ளை தாயின் மடியில் வளர்ந்தது என்பதை மட்டும் சொல்கிறது. இல்லங்களுக்குக் காணிக்கை அனுப்பும் ஒவ்வொரு சபையும் படிக்க வேண்டிய பாடம் அது.

எங்கள் பயணத்துக்கு ஆளுக்கு 1,100 வெள்ளி ஆயிற்று. பன்னிரண்டு பேருக்கு 13,200 வெள்ளி. இல்லத்தின் கையில் கொடுத்தது அதில் 2,000. மீதி விமானச் சீட்டுக்கும் விடுதிக்கும் ஒரே நிற டீ-சட்டைக்கும் அங்கோர் வாட் நுழைவுச் சீட்டுக்கும் போயிற்று. பனையோலைக் குழலில் வெல்லம் கொண்டுவந்த அந்தப் பெண்ணின் கைக்கு ஒரு வெள்ளிகூடப் போகவில்லை. பள்ளிச் செலவுக்கு அதில் ஒரு சிறு பங்கு மாதாமாதம் கிடைத்திருந்தால் அவர் மகளை வீட்டிலேயே வைத்திருக்கலாம்.

செய்ய வேண்டியவை

ஏற்கெனவே ஓர் இல்லத்தைத் தாங்கிவரும் சபைகள் நாளைக்கே பணத்தை நிறுத்திவிடக் கூடாது. நிறுத்தினால் அடிபடுவது பிள்ளைகள். இல்லத்தாரோடு உட்கார்ந்து பேசுங்கள். ஒவ்வொரு பிள்ளையின் குடும்பத்தையும் தேடிக் கண்டுபிடிக்கச் சமூகப் பணியாளரை அமர்த்தச் சொல்லுங்கள். அந்தச் சம்பளத்தை நீங்கள் கொடுங்கள். பிள்ளைகள் ஒவ்வொருவராகக் குடும்பத்துக்குத் திரும்பும்வரை கூட நில்லுங்கள். இல்லத்தின் கட்டடம் அந்த வட்டாரத்துக்கே பகல்நேரப் பள்ளியாகவோ மருந்தகமாகவோ மாறட்டும். பிள்ளைகள் மாலையில் வீடு திரும்பட்டும்.

வாலிபர் குழுக்கள் கம்போடியாவுக்குப் போகவே கூடாது என்று நான் சொல்லவில்லை. போகலாம், அந்நாட்டு வரலாற்றைக் கற்கலாம், அந்நாட்டுச் சபைகளோடு சேர்ந்து ஆராதிக்கலாம், பெரியவர்களுக்குத் தொழில் பயிற்சி தரும் உணவகங்களில் சாப்பிடலாம், அங்கே உழைக்கும் கெமர் மக்களிடமிருந்து கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். பிள்ளைகள் வாழும் அறைகளுக்குள் மட்டும் நுழைய வேண்டாம். பிள்ளைகளோடு பழகும் ஆசை உள்ளவர்களுக்கு நம் ஊரிலேயே வேலை இருக்கிறது. வாரம் தவறாமல், ஆண்டு முழுவதும் வர வேண்டிய துணைப்பாடத் தொண்டூழியத்துக்கு ஆள் போதவில்லை. அங்கே படம் எடுக்க எதுவும் இருக்காது. அதே முகம் அடுத்த வாரமும் வரும். பிள்ளைக்கு வேண்டியது அதுதான்.

இந்த டிசம்பருக்கும் ஏதோ ஒரு சபையில் வாலிபர்கள் கேக் விற்றுக்கொண்டிருப்பார்கள். அவர்களுடைய மனம் நல்ல மனம்; அதைப் பழிக்க எனக்கு உரிமை இல்லை. அவர்களிடமும் அவர்களை அனுப்பும் போதகர்களிடமும் பெற்றோரிடமும் ஒன்றே ஒன்று கேட்கிறேன். பயணச்சீட்டு வாங்கும் முன் அந்த இல்லத்துக்கு எழுதி, இந்தப் பிள்ளைகளின் தாய்மார்கள் எங்கே இருக்கிறார்கள் என்று கேளுங்கள். நேரான பதில் வரும்வரை புறப்படாதீர்கள். பதில் வந்த பிறகு, சேர்த்த பணத்தை அந்தத் தாய்மார்களிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும் வழியைத் தேடுங்கள்.